ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம்: ஓர் எண்ணின் இயல்பும் வரலாறும்

எண்கள் இருவகையாகப் பிறக்கின்றன. எண்ணிப் பெறப்படுவன ஒருவகை. பேசித் தீர்க்கப்படுவன மற்றொருவகை. களத்து நெல்லை மரக்காலால் அளந்தவன் கூறும் எண் முதல்வகையைச் சார்ந்தது. இருதரப்பார் ஓரிடத்தமர்ந்து, கொள்வது இவ்வளவு, கொடுப்பது இவ்வளவு என முடிவுசெய்த எண் இரண்டாம்வகையைச் சார்ந்தது. முன்னதன் இறுதி இலக்கங்கள் யாதோர் ஒழுங்குமின்றி அமையும். பின்னது பெரும்பாலும் பூச்சியங்களில் முடியும். பங்கிடுவதற்கும் எளிதாக இருக்கும். இவ்வேறுபாட்டை ஆராய்வார்க்கு இலங்கை வரலாற்றிலே 9,75,000 என்னும் எண்ணினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. 1964ஆம் ஆண்டில் மலையகத் தமிழ் மக்களின் தொகையாக இரு அரசாங்கங்கள் ஏற்றுக்கொண்ட எண் இதுவாகும். இதன் கணித இயல்புகள் யாவை, அவ்வியல்புகள் மக்களின் வாழ்வை எவ்வாறு தொட்டன, இறுதியில் இவ்வெண் எவ்வாறு சட்டத்தினின்றும் மறைந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டமும் எண்ணும்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில், கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது கந்தப்பளை. பார்க், கொங்கோடியா, கோட்லோஜ் முதலிய தேயிலைத் தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. இம்மலைச் சாரல்களை உழைப்பினாற் பசுமையாக்கியோர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து கங்காணிமாரின் கீழ் வந்த மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். முதலில் அவர்களை அழைத்தது கோப்பிப் பயிர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையை வாணிகப் பயிராக நட்டார். 1869 தொடக்கம் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலைநாடு முழுவதுந் தேயிலை நாடாயிற்று. கோப்பி பருவத்துக்குரிய பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதுங் கை வேண்டி நிற்பது. ஆதலாற் பருவத்துக்கு வந்து மீண்டோர் குடும்பமாகத் தங்கலாயினர். பின்னர்ப் பிறந்தோர்க்குக் கடலுக்கு அப்பாலுள்ள ஊர் பெற்றோர் சொல்லக் கேட்ட பெயரளவேயாயிற்று.

தோட்டத்து வாழ்க்கை தொடக்கமுதல் எண்ணினாலேயே ஆளப்பட்டு வந்தது. விடியற்காலைப் பிரட்டிலே தலைகள் எண்ணப்படும். செக்றோல் என்னும் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் உண்டு. பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டுக் கணக்கப்பிள்ளையினால் எழுதப்படும். ஒருநாள் வேலைக்குத் தோட்டத்து வழக்கிலே 'பேர்' என்று பெயர். குறித்த நிறை கொழுந்து சேராதாயின் 'அரைப்பேர்' மட்டுமே எழுதப்படும். மனிதனுடைய பெயரைக் குறிக்குஞ் சொல், அவனுடைய நாட்கூலியைக் குறிக்கலாயிற்று. அந்நாட்கூலி இரண்டாக வகுக்கவும் பட்டது. எனவே, பிற்காலத்தில் அரசாங்கங்கள் மேற்கொண்ட பங்கீடு இம்மக்களுக்கு முற்றிலும் புதியதோர் அனுபவமன்று. அதன் அளவே புதியது.

எண் பிறந்த வரலாறு

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தோட்டத் தொழிலாளர் பலர் வாக்களித்தனர். நுவரெலியாத் தொகுதி சௌ. தொண்டமானைப் பாராளுமன்றத்துக்குத் தெரிந்தனுப்பியது. மறு ஆண்டிலேயே நிலைமை மாறிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழியை அடிப்படையாகக் கொண்டது. இலங்கையிற் பிறந்தவராயினும், தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ அவர் காட்டவேண்டியிருந்தது. லயத்து அறையிற் பிறந்து லயத்து அறையில் இறந்தோர்க்கு அத்தகைய பத்திரங்கள் எங்ஙனங் கிடைக்கும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், நெடுங்காலம் வசித்த இந்திய, பாகிஸ்தானியர்க்குப் பதிவின்மூலம் பிரசாவுரிமை பெற வழிசெய்தது. அவ்வாண்டின் 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டமோ பிரசைகள் அல்லாதாரின் வாக்குரிமையை நீக்கிற்று. பதிவுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். ஏனையோரைத் தன் பிரசைகளென இந்தியாவும் ஏற்கவில்லை. 1954ஆம் ஆண்டிலே நேருவும் கொத்தலாவலையும் செய்துகொண்ட உடன்பாடும் இச்சிக்கலைத் தீர்க்கவில்லை. நாடற்றவர் என்னும் நிலை இவ்வாறு பிறந்தது.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க புதுடில்லி சென்று, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் பேச்சு நடத்தினார். அம்மாதம் 30ஆம் நாள் ஒப்பந்தங் கைச்சாத்தாயிற்று. நாடற்றவராக உள்ளோரின் தொகை ஏறத்தாழ 9,75,000 என்று அதிற் கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரும் அவர்தம் இயற்கைப் பெருக்கமும் இந்தியாவுக்கு. 3,00,000 பேரும் அவர்தம் இயற்கைப் பெருக்கமும் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் வேறோர் உடன்பாட்டாற் றீர்க்கப்படும். இரு செயல்களும் 15 ஆண்டுகளில் முடிதல்வேண்டும். இயன்றவரை தத்தம் தொகைக்கேற்ற விகிதத்தில் ஒன்றோடொன்று இணைந்து செல்லவும் வேண்டும். பங்கிடப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் இப்பேச்சிற் கலந்துகொள்ள அழைக்கப்படவில்லை.

எண்ணின் அமைப்பு

இனி, இவ்வெண்ணைக் கணித நோக்கில் ஆராயலாம். எந்த முழுவெண்ணையும் முதன்மைக் காரணிகளாகப் பிரித்துக் காட்டலாம். அவ்வாறு பிரித்தற்கு ஒரேயொரு வழிதான் உண்டு. 9,75,000 என்பதைப் பிரிப்பின் 2 மூன்று முறையும், 3 ஒரு முறையும், 5 ஐந்து முறையும், 13 ஒரு முறையும் வருதல் காணலாம். இவற்றினின்று அவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை என்பதும் பெறப்படும். ஒவ்வொரு முதன்மை எண்ணும் வரும் முறையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குதல்வேண்டும். 4, 2, 6, 2 ஆகியவற்றின் பெருக்கம் 96. ஆகவே 9,75,000 பேரைச் சமமான பகுதிகளாகப் பிரிப்பதற்கு 96 வழிகள் உள்ளன.

இது பெரிய தொகையா, சிறிய தொகையா? ஜேர்மானியக் கணித அறிஞர் டிரிச்லே 1849இல் நிறுவிய தேற்றத்தின்படி, இவ்வளவு பருமனுள்ள எண்களுக்குச் சராசரியாக 15 காரணிகளே உண்டு. மறுபுறம், காரணிகள் மிக்க எண்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அப்பேரறிஞர், தமக்கு முன்னுள்ள எல்லா எண்களைக் காட்டிலும் மிகுந்த காரணிகளையுடைய எண்களைப் பற்றி 1915ஆம் ஆண்டில் இலண்டனிலே நீண்ட ஆய்வுரையொன்றை வெளியிட்டார். அவ்வகையைச் சார்ந்த 7,20,720 என்னும் எண்ணுக்கு 240 காரணிகள் உள்ளன. 9,75,000 வரையுள்ள எண்களுள் எதற்கும் அதனின் மிகுந்த காரணிகள் இல்லை. எனவே 9,75,000 என்பது அந்த உச்சத்தைச் சேராதெனினும், சராசரிக்கு ஆறு மடங்கு மேற்பட்டது.

இராமானுஜன் ஆய்ந்த எண்களுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையும் நோக்கத்தக்கது. அவ்வெண்களிலே சிறிய முதன்மை எண் பெரியதனிலும் குறைந்த முறை வருவதில்லை. 2 மிகுதியாகவும், 3 அதற்கு மேற்படாமலும், 5 அதற்கும் மேற்படாமலும் வரும். 9,75,000 என்பதிலோ 3 ஒரே முறையும் 5 ஐந்து முறையும் வருகின்றன. 7, 11 ஆகியன வரவேயில்லை. இதற்குக் காரணம் வெளிப்படை. 25,000 என்னும் அலகாலே மட்டந்தட்டப்பட்ட எண் எதுவாயினும் அதனுள் 5 ஐந்து முறையேனும் மறைந்திருக்கும். எனவே இவ்வெண்ணின் காரணிப் பெருக்கத்துக்கு மனிதக் கையே பெரிதுங் காரணம். இராமானுஜனும் ஹார்டியும் 1917இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் வலியுறுத்தும். ஓர் எண்ணில் வரும் முதன்மைக் காரணிகளின் தொகை வழக்கமாக மிகச் சிறியதாகும் என்று அவர்கள் நிறுவினர். பத்து இலட்சத்தை அணுகும் எண்களுக்கு அத்தொகை மூன்றை ஒட்டி அமையும். 9,75,000 என்பதில், மீண்டும் வருவனவற்றையுஞ் சேர்த்தெண்ணின், பத்து முதன்மைக் காரணிகள் உள்ளன.

ஒப்புமைக்குக் குடிசன மதிப்பின் எண்ணொன்றை நோக்குவோர்க்கு இது தெளிவாகும். 1953ஆம் ஆண்டின் குடிசன மதிப்பிலே இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 9,74,098 பேர். இதற்கும் 9,75,000 என்பதற்கும் உள்ள வேறுபாடு 902 மட்டுமே. எனினும் இரண்டும் ஒரே தொகுதியைக் குறிப்பன அல்ல. முன்னது பிரசாவுரிமை பெற்றோரையும் உள்ளடக்கியது. பின்னது பதினோராண்டுகட்குப் பின் நாடற்றிருந்தோரை மட்டுங் குறிப்பது. அளவால் நெருங்கிய இவ்விரு எண்களும் அமைப்பால் மிகவும் வேறானவை. 9,74,098 என்பதை 2ஆல் வகுத்தால் 4,87,049 வரும். அதனை அதற்கு மேற் பகுக்க இயலாது. 697 வரையுள்ள 125 முதன்மை எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பினும் ஒவ்வொரு முறையும் மீதி வரும்; ஆகவே 4,87,049 தானே ஒரு முதன்மை எண்ணாகும். வீடுவீடாகச் சென்று எண்ணிப் பெற்ற தொகைக்கு நான்கே காரணிகள். மேசையிலே முடிவான தொகைக்குத் தொண்ணூற்றாறு. எண்ணிப் பெற்ற தொகையெல்லாம் இவ்வாறே அமையும் என்பதன்று. ஆயினும் பங்கிடுவோன் வசதிக்கேற்ப அமைய வேண்டிய கடப்பாடு அதற்கு இல்லை.

ஏழும் நான்கும்

ஒப்பந்தத்திற் குறிக்கப்பட்ட பங்குகளையும் இம்முறையில் ஆராயலாம். இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணும் வழியை யூக்கிளிட் தம் நூலின் ஏழாம் பாகத்தில் வகுத்துள்ளார். 5,25,000 இலிருந்து 3,00,000 ஐக் கழிப்பின் எஞ்சுவது 2,25,000. 3,00,000 இலிருந்து அதனைக் கழிப்பின் எஞ்சுவது 75,000. 2,25,000 என்பது 75,000 இன் சரியாக மூன்று மடங்கு. எனவே 75,000 என்பதே இரண்டுக்கும் பொதுவான பேரளவு. எஞ்சிய 1,50,000 உம் அதன் இருமடங்கே. ஆகவே 75,000 என்பதை ஓர் அலகாகக் கொள்ளின், இந்தியாவுக்கு ஏழு அலகு, இலங்கைக்கு நான்கு அலகு, பின்னர் முடிவாகவேண்டியது இரண்டு அலகு. ஆக மொத்தம் பதின்மூன்று. 9,75,000 என்னும் எண்ணினுள்ளே மறைந்து நிற்கும் 13 என்னும் முதன்மை எண்ணின் பொருள் இதுவே.

பதினைந்து ஆண்டுக் காலமும் இவ்வெண்களுக்குப் பொருத்தமாகவே அமைந்தது. 5,25,000 ஐ 15ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 35,000. 3,00,000 ஐ வகுத்தால் ஆண்டுக்கு 20,000. மீதி யாதுமில்லை. எழுத்தளவில் இதனினும் ஒழுங்கான திட்டம் வேண்டுவதில்லை.

ஆயின் விகிதம் என்பது தொகுதிகளுக்குப் பொருந்துவது. தனி மனிதர்க்கு அன்று. 7:4 என்னும் விகிதம் பின்னமின்றி நிறைவேறுதற்கு வேண்டிய மிகச் சிறிய கூட்டம் பதினொருவர் கொண்டது. கந்தப்பளைத் தோட்டமொன்றின் லயத்து அறையில் ஐவரோ அறுவரோ கொண்ட குடும்பம் இருப்பின், அதனை ஏழுக்கு நான்காகப் பகுத்தல் கூடாது. குடும்பம் முழுவதும் ஒருபுறஞ் செல்லும். அல்லது மணமான மகள் இங்கும் தாய் தந்தையர் அங்குமாகப் பிரிய நேரும். தமிழ்க் கணக்கு நூல்கள் நெல்லுக்கும் பொன்னுக்கும் நிலத்துக்கும் அரை, கால், அரைக்கால் என்று தொடங்கி, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரை நுண்ணிய பின்னங்களைக் கூறும். மக்களை எண்ணுமிடத்து அவற்றுக்கு இடமேயில்லை.

விகிதம் சட்டமானபோது அதன் கடுமை மேலும் புலனாயிற்று. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. எழுவர் இந்தியப் பிரசைகளாகப் பதியப்படும்போது நால்வர் இலங்கைப் பிரசைகளாவர் என்பது அதன் போக்கு. 1971ஆம் ஆண்டின் திருத்தம் இதனை மாற்றி, எழுவர் நாட்டைவிட்டு உண்மையிலேயே நீங்கிய பின்னரே நால்வர்க்கு உரிமை என்று ஆக்கிற்று. இங்கு ஒருவருடைய உரிமை அவருடைய பிறப்பையோ, வாழ்வையோ, உழைப்பையோ பற்றி நில்லாமல், முன்பின் அறியாத வேறு எழுவரின் பயணத்தைப் பற்றி நிற்கலாயிற்று. கணித நூலில் விகிதம் இரு அளவுகளின் தொடர்பைக் கூறும் அமைதியான கருவி. சட்டத்தில் அது ஒருவரது தங்கலை மற்றவரது நீங்கலோடு பிணிக்குங் கயிறாயிற்று.

மக்களின் விருப்பமோ இவ்விகிதத்தைப் பின்பற்றவில்லை. விண்ணப்பங்கள் கோரப்பட்ட காலம் 1970 ஏப்ரலுடன் முடிந்தபோது, இலங்கைப் பிரசாவுரிமை வேண்டியோர் ஆறு இலட்சத்தைத் தாண்டியிருந்தனர். இந்தியப் பிரசாவுரிமை வேண்டியோர் 5,25,000 என்னும் தொகையை எட்டவில்லை. எண் ஒருபுறஞ் சாய்ந்திருந்தது; மனம் மறுபுறஞ் சாய்ந்திருந்தது.

இயற்கைப் பெருக்கம் என்னும் தொடரும் கணக்கைச் சிக்கலாக்கிற்று. 1964 அக்டோபர் 30இற்குப் பின் பிறந்த குழந்தை 5,25,000 இனுட் சேராது. பெற்றோர் இருவரும் அந்நாளுக்கு முன் பிறந்த பிள்ளையொன்றும் பின் பிறந்த பிள்ளைகள் இருவருமாக ஐவர் கப்பலேறினால், கணக்கிற் குறைவது மூன்றே. எஞ்சிய இருவரும் கடல் கடந்தனர். ஆயின் எண்ணைக் கடந்திலர்.

எஞ்சிய இரண்டு அலகு

1,50,000 பேரின் வழக்கு பத்தாண்டு காத்திருந்தது. அத்தொகையையும் 7:4 என்றே பகுத்திருக்கலாமே எனின், அது கூடாது. ஏழும் நான்கும் பதினொன்று. 11 என்னும் முதன்மை எண் 1,50,000 இன் காரணியன்று. வகுத்தால் ஒருபுறம் 95,454 பேரும் பதினொன்றில் ஆறு பங்கும், மறுபுறம் 54,545 பேரும் பதினொன்றில் ஐந்து பங்கும் வரும். பின்னங்களை நீக்கின் 1,49,999 பேருக்கு நாடு கிடைக்கும். ஒருவர் இரு நாட்டுக்கும் இடையில் நிற்பார். அவ்வொருவரே நாடற்றோர் நிலையின் கணித வடிவம் எனலாம்.

1974 சனவரியிலே சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் செய்துகொண்ட உடன்பாடு அத்தொகையைச் சரிபாதியாக்கி, நாடொன்றுக்கு 75,000 எனத் தீர்த்தது. ஏழோடு ஒன்று சேர எட்டு. நான்கோடு ஒன்று சேர ஐந்து. ஆகவே மொத்தப் பங்கு இந்தியாவுக்கு 6,00,000, இலங்கைக்கு 3,75,000 என்றாகி, விகிதம் 8:5 ஆயிற்று. கூட்டுத்தொகை முன்போலப் பதின்மூன்றே.

எழுபதுகளின் நடுவிலே தோட்டங்களில் நிலவிய உணவுத் தட்டுப்பாடும், தோட்டங்கள் அரசுடைமையான காலத்துக் குழப்பங்களும், 1977இலும் பின்னரும் நிகழ்ந்த வன்செயல்களும் பலரை நாடு நீங்கத் தூண்டின. ஆண்டுக்கு 35,000 என்னும் வகுத்தல் விடை ஒழுங்காக ஓடியதில்லை. சில ஆண்டுகளிற் குறைந்தும் சில ஆண்டுகளிற் கூடியும் மக்கள் சென்றனர். கந்தப்பளைப் பகுதியிலிருந்து செல்வோர் நானுஓயா நிலையத்தில் வண்டியேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சேர்வர். அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அரசாங்க அறிக்கைகளில் ஒரு நிரலின் தொகையாக வருவது, நிலைய மேடையிலே ஒப்பாரியாகக் கேட்டது. சென்றோருட் பலர் நீலகிரியிலே அரசினர் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறிக்கலாயினர். பலர் முன்பின் அறியாத மாவட்டங்களிற் புதுவாழ்வு தேடினர்.

குலைந்த விகிதம்

1981 அக்டோபரில் உடன்பாட்டுக் காலம் முடிந்தது. மேலும் விண்ணப்பங்களை ஏற்பதற்கில்லை என்று 1982இல் இந்தியா தெரிவித்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவையும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாத பல்லாயிரவர் தோட்டங்களிலேயே தங்கினர்.

இவ்வேளையில் எண்கள் மீண்டும் சரிபார்க்கப்பட்டன. இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோர் 5,06,000 பேரே. இந்தியாவின் பங்காகிய 6,00,000 இலிருந்து அதனைக் கழிப்பின் 94,000 பேர் எஞ்சினர். 1986 தைப்பொங்கல் நாள் தொடக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தோட்டங்களிலே பிரார்த்தனை இயக்கமொன்றை நடத்திற்று. அம்மாதத்திலேயே அந்த 94,000 பேரையும் இலங்கை ஏற்பதென்று முடிவாயிற்று. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதன் பயனாகும். 3,75,000 உம் 94,000 உம் சேர்ந்து இலங்கையின் பங்கு 4,69,000 ஆயிற்று.

5,06,000 உம் 4,69,000 உம் கூடினால் முன்போல 9,75,000 தான். மொத்தம் மாறவில்லை, அதன் உள்ளமைப்பு முற்றிலும் மாறியது. ஆயிரங்களை விடுத்து 506, 469 என்பவற்றை யூக்கிளிட்டின் வழியில் ஆராயலாம். வேறுபாடு 37. 469 ஐ 37ஆல் வகுத்தால் மீதி 25. 37 இலிருந்து 25 ஐக் கழித்தால் 12. 25 ஐ 12ஆல் வகுத்தால் மீதி 1. எனவே இவ்விரண்டுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை. 506:469 என்னும் விகிதத்தை இதனினும் சுருக்க இயலாது. ஏழும் நான்கும், எட்டும் ஐந்தும் என விரலால் எண்ணத்தக்க பங்குகள் மறைந்தன; பதின்மூன்று அலகுகளின் ஒழுங்கு குலைந்தது. மேசையிலே பிறந்த எண்ணுக்குள் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிய மக்களின் எண் புகுந்தமையே இம்மாற்றத்தின் காரணம்.

எண் நீங்கிய சட்டம்

ஒரு கூட்டத்தைக் குறிப்பதற்குக் கணிதத்தில் இரு வழிகள் உள்ளன. உறுப்புகள் இத்தனை எனத் தொகை கூறுதல் ஒன்று. இன்ன இயல்புடையன யாவும் இதன் உறுப்புகள் என இயல்பு கூறுதல் மற்றொன்று. முதல்வழியில் யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவாகாது. 3,00,000 என்னும் எண் எந்த மூன்று இலட்சவரைக் குறிக்கும் என்று அவ்வெண்ணே கூறாது. இரண்டாம் வழியில் ஒவ்வொருவரும் தம் நிலையைத் தாமே அறியலாம். பிறருடைய நிலை தம்மைத் தாக்காது.

1964 முதல் 1986 வரையுள்ள ஏற்பாடுகள் யாவும் தொகையையே பற்றி நின்றன. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோரைப் பிரசைகளாக்க முற்பட்டு, இயல்புவழியை நோக்கித் திரும்பியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அத்திருப்பத்தை நிறைவாக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவழியினர், அவர்தம் வழித்தோன்றல்கள் ஆகியோர்க்கு அச்சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. இன்னாருக்கு உரிமை என்பதை வரையறுக்குமிடத்து, இத்தனை பேர் என்னும் எல்லை அதில் இல்லை. உள்நாட்டுப் போரினால் இந்தியாவுக்கு அகதிகளாகச் சென்றவர்களையும் உட்படுத்தும் வகையில் 2009இல் திருத்தமுஞ் செய்யப்பட்டது. ஒப்பந்தத்தின் நாள் சட்டத்தில் எஞ்சியது. ஒப்பந்தத்தின் எண் எஞ்சவில்லை. மக்களைப் பங்கிட்ட அதே நாள், அவர்களுடைய இருப்புக்குச் சான்றாக நிற்கலாயிற்று.

இவ்வரலாற்றால் எண்ணின்மேற் குற்றஞ் சுமத்துதல் பொருந்தாது. எண்ணாமல் எந்த ஆட்சியும் நடவாது. பள்ளி கட்டுதற்கும் மருத்துவசாலை அமைத்தற்கும் குடிசன மதிப்பு வேண்டும். 1971ஆம் ஆண்டில் 11,74,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8,18,656 ஆகக் குறைந்தது என்று மதிப்பேடுகள் கூறுதலாலன்றோ, அக்குறைவில் நாடு நீங்கியோர் எத்துணையர், தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோர் எத்துணையர் என்னும் வினாக்கள் எழுகின்றன. எண்ணிப் பெற்ற எண் வினாவை எழுப்பும். பேசிப் பெற்ற எண் வினாவை அடைக்க முயலும். இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வரலாற்று மாணவனுக்கும் கணித மாணவனுக்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.

9,75,000 என்பது 96 வழிகளில் மீதியின்றி வகுபடும் எண். அதனைப் பேச்சு மேசைக்கு ஏற்றதாக்கியது அவ்வியல்பே. ஆயின் அவ்வெண் குறித்த மக்களுள் ஒருவரேனும் அவ்வாறு வகுபடக்கூடியவர் அல்லர். கந்தப்பளையின் தேயிலைச் சரிவுகளிலே அன்று நின்றோரின் பேரரும் பூட்டரும் இன்று பிரசைகளாக வாக்களிக்கின்றனர். அவ்வுரிமை அவர்களுக்கு வாய்த்தது ஏழு பேர் சென்றமையாலன்று. அவர்தம் முன்னோர் அங்கு வாழ்ந்தமையால்.